இடுப்பு வலிக்கு இரண்டு கைப்பிடி அரிசி

அக்டோபர் 7, 1952, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. இன்று ரப்பர் மரத்தில் பால்வெட்டு இருக்காது என்று படுத்திருந்தேன். ஆறரைக்கு விட்டது சனியன். எழுந்து ஓடினேன்.

ஈரச் சேலையைத் தடவிச் சோதிப்பது போல ஒரு பாவம் கிடையாது. அவர்களுக்கும் அருவருப்பு, எனக்கும் அருவருப்பு. கம்பிவேலிக் கேட்டில் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நான் மடி, இடுப்பு, கொண்டை எல்லாம் பார்க்க வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிறவர்களுக்கு ஒரு பிடி சோறு போய்விடக் கூடாதாம். வெளியே போகக் கூடாதவை: அரிசி, சோறு, சர்க்கரை, கருவாடு, பால் டின், மருந்து. போகலாம்: வெறும் தண்ணீர், பால்வெட்டுக் கத்தி, பசி.

வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து கால் போன பிறகு, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் பார்த்துக் கொடுத்த வேலை. இது போனால் லயத்து வீடும் போகும். முன்பெல்லாம் நான் ‘மருந்தக்கா’. பிள்ளைக்கு உப்பசம், சளி, எதுவானாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். இப்போது ‘தடவுற அக்கா’. அதுவும் முகத்துக்கு நேராகவே. சொல்லுங்கடி, நல்லாச் சொல்லுங்க.

குறிப்பு: சீனன் சுவா கடையில் பால் டின்னை ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறார்கள், யாரும் சேர்த்து வைக்கக் கூடாதென்று. வாங்கியதும் பாத்திரத்தில் ஊற்றி, வெந்நீர் கலந்து ஒரு கொதி விட்டு, தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு வராது. மறுநாள் மதியம் வரை தாங்கும். ஓட்டையை மெழுகால் அடைத்தால் இன்னும் தாங்கும். ஆனால் அடைத்த டின்னை வீட்டில் கண்டால் ஜெயில். கொதி விடுவதே உத்தமம்.

சாயங்காலம் பாக்கியம் வந்தாள். மூன்றாவது லயம், வீரையாவின் பெண்டாட்டி. லாபு ஊர்ப் பக்கத்துப் பெண். இன்னும் என் வாசல் மிதிக்கிறவள் இவள் ஒருத்திதான். பிள்ளை பெற்று நாலு மாதம். இடுப்பு வலி. குனிந்தால் நிமிர முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஏதோ வெள்ளை மாத்திரை கொடுத்தாராம்.

“வெள்ள மாத்திரைக்கு வெள்ளக்காரன் வலிதான் போவும். ரெண்டு கைப்பிடி அரிசி, ஒரு கை கல்லுப்பு. வறுத்துத் துணில கட்டி ஒத்தடம் குடு. அப்புறம் சூட்டோட இடுப்புலயே கட்டிக்க. அதே அரிசியத் திரும்பத் திரும்ப வறுக்கலாம்.”

“ரேசன் அரிசியப் போயி வறுக்கச் சொல்றியேக்கா!”

“வலி போவணுமா வேணாமா?”

சிரித்தாள். நோட்டின் முன்பக்கத்தில் அவள் பெயர் போட்டு எழுதி வைத்தேன். முன்பக்கம் வைத்தியக் குறிப்பு, பின்பக்கம் இந்தப் புலம்பல்.

அக். 8, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

கேட்டில் பாக்கியத்தின் இடுப்பில் கை வைத்தேன். சூடு. பொட்டலத்தோடு வந்து நிற்கிறாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடுப்பில் கட்டிக்கொள் என்று சொன்னவள், கேட்டுக்கு வரும்போது அவிழ்த்து வை என்று சொல்லவில்லை. காலையில் சோதனை, மாலையில் வைத்தியம். ஒரே தலைக்குள் இரண்டு பேர், ஒருத்திக்கு இன்னொருத்தியோடு பேச்சுவார்த்தை இல்லை.

“என்னாடி இது?” மெதுவாகத்தான் கேட்டேன்.

“நீ சொன்னதுதானேக்கா. இன்னிக்குப் பரவால்ல லா. குனிஞ்சி வெட்டலாம்.”

அரிசி போகக் கூடாது. மருந்தும் போகக் கூடாது. இது இரண்டும். ஆனாலும் உப்போடு வறுத்துக் கருகிப் போன அரிசி, நாய்கூட முகராது. விட்டுவிட்டேன். நாளைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நேராக நடந்து போவதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. என்னால் ஒருத்தி நன்றாக இருந்து எத்தனை நாளாயிற்று.

சேற்றுப்புண்: மருதாணி இலை, மஞ்சள். அரைத்து விரலிடுக்கில் வைத்துப் படுக்க வேண்டும்.

ரப்பர் பால் கறை: காய்வதற்குள் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பிறகு சோப்பு. காய்ந்தால் சேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அக். 9, வியாழன்

இன்றும் சூடு. இன்றும் விட்டேன். அவரிடம் சொன்னேன். “ஒனக்கு எதுக்கு இந்த வேல? மாட்டினா அவ மட்டுமா மாட்டுவா?” என்றார். 

சாயங்காலம் பாக்கியத்திடம் போய்ச் சொல்ல நினைத்தேன். உரல் கழுவினேன், விறகு அடுக்கினேன், இருட்டிவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அக். 10, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

டவுனிலிருந்து ஜீப்பு. வெள்ளைக்கார சார்ஜன், கூட ஒரு போலீஸ்காரி. நான் சோதித்து அனுப்பியவர்களை அவள் பத்தடி தள்ளி மறுபடி சோதித்தாள். என் கை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். அது எனக்குப் புரிந்தபோது பாக்கியம் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

பொட்டலத்தை அவிழ்த்து ஜீப்பின் மேல் கொட்டினார்கள். பழுப்பு அரிசி, உப்புக் கட்டி. ஒரு குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் காணாது.

பாக்கியம் பயப்படவே இல்லை. சிரித்துக்கொண்டுதான் நின்றாள். “மருந்துங்க. வேணும்னா அக்காவக் கேளுங்க.”

மண்டோர் என் பக்கம் திரும்பினார். “சார்ஜன் கேக்குறாரு. இது என்னான்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இடுப்புல இவ்ளோ பெருசா இருக்கு. கையில படலியா?”

“படல.”

பாக்கியத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. நான் அடுத்த வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

பிள்ளை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில். பத்து மணிக்கு அவள் பால் கொடுக்க ஓடி வருகிற வழக்கம்.

அக். 11, சனி

பிள்ளை புட்டிப்பால் குடிக்க மாட்டேன் என்கிறது. தாய் உடுத்திக் கழற்றிய சேலையை மடியில் போட்டு, அதில் கிடத்திக் கொடுத்தால் குடிக்கும். வாசனைதான் காரணம். துவைத்த சேலை உதவாது. இதைக் கொட்டகை ஆயாவிடம் போய்ச் சொன்னேன்.

“ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாதாமே” என்றாள். கூட இருந்தவர்கள் சிரிக்கக்கூட இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மூடிதான் இருந்தாலும் என்னிடம் ஏது.

மதியம் வீரையா வந்தான். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான்.

“அக்கா, மருந்துதான்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. காட்டுக்காரனுக்கு அவ அரிசி குடுத்தான்னு எழுதிட்டா வருசக்கணக்குல உள்ள போட்ருவாங்களாம். திங்கக்கெழம ஒங்களத்தான் கூப்புடுவாங்க.”

நான் வாய் திறக்குமுன் அவர் பேசினார். “இவ சொன்னா இவளும் உள்ள போவா. மூணு நாளு தொட்டுப் பாத்துட்டு விட்டவ இவ. அப்புறம் என்னையத் தூக்கி உக்கார வைக்கிறது யாரு? நீயா?”

வீரையா என்னையே பார்த்தான். நான் அரிசியில் கல் பொறுக்கினேன். போய்விட்டான்.

பிறகு அவர் நோட்டைக் கேட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எதில் எழுதுகிறேன் என்று தெரியும். “அவ பேரு போட்டு எழுதியிருக்க இல்ல? கிழிச்சி அடுப்புல போடு.” ஒரு தாள் மட்டும் கிழித்தால் போதும். ஆத்திரத்தில் முன்பக்கம் முழுவதையும் கிழித்தேன். பதினாறு வருஷக் குறிப்பு. அதில்தான் இன்று கஞ்சி கொதித்தது. பின்பக்கத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அக். 12, ஞாயிறு

தீபாவளி வருகிறது. லயத்தில் ஒரு வீட்டிலும் பலகார வாசனை இல்லை. சர்க்கரை போதாதவர்களுக்கு: மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, தேங்காய்த் துருவலோடு வேகவைத்தால் அதன் இனிப்பே பாதி வந்துவிடும். யாருக்கு எழுதுகிறேன் இதை. கேட்க ஒரு நாதி இல்லை.

பிள்ளையின் அழுகை மூன்றாவது லயத்திலிருந்து இங்கே வரை கேட்கிறது. அவர் காதில் துணியைச் சுற்றிக்கொண்டார்.

நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அது மருந்துதான். அவ்வளவுதானே. என்ன ஆனாலும் ஆகட்டும். ஆறிலும் சாவு நூறிலும் சாவு.

அக். 13, திங்கள்

லாரியில் டவுனுக்கு. நல்ல வெயில்.

ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் ஒரு துபாசி. தமிழர்தான், படித்தவர், கஞ்சி போட்ட சட்டை. என்னை நிற்க வைத்தே கேட்டார்.

“உங்க ஆளுங்களுக்குள்ள அரிசியக் கட்டி ஒத்தடம் குடுக்குற வைத்தியம் உண்டா?”

உங்க ஆளுங்களாம். இவரை இவர் அம்மா ஒத்தடம் கொடுக்காமலா வளர்த்தாள்? அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். கேட்டுவிட்டுப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்தது.

“உண்டுன்னா, தெரிஞ்சே கேட்டத் தாண்டி விட்டது யாரு?”

“எனக்கு வைத்தியமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க.”

துபாசி அதை இங்கிலீஷில் சொன்னார். எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள், நான் கையெழுத்தே போட்டேன். நாலாம் வகுப்பு வரை படித்தது இதற்கு உதவியது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அந்த ஓணான் நான்தான்.

வெளியே வந்தேன், துபாசியும் கூட வந்தார். நடையில் ஒரு பெஞ்சியில் பாக்கியம், பக்கத்தில் போலீஸ்காரி. ரவிக்கை முன்னால் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கூனி உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். துப்பியிருக்கலாம் பாவி மகள்.

“அக்கா, பால் கட்டிக்கிச்சிக்கா. நெருப்பா எரியுது. என்னா பண்றது, சொல்லேன்.”

துபாசி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று போட்ட கையெழுத்தில் மை காய்ந்திருக்காது. பாக்கியம் என் வாயையே பார்த்தாள். இதற்குமா பதில் சொல்லமாட்டேன் என்று நம்பிக்கை. நான் தரையைப் பார்த்துக்கொண்டே லாரிக்கு நடந்தேன்.

முன்பக்கம் இல்லை. இங்கேயே எழுதுகிறேன்.

பால் கட்டினால்: மல்லிகைப் பூவை மார்பில் நெருக்கமாக வைத்துத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், பூ மாற்றி. எரிச்சல் தணியும். மூன்று நாளில் பால் வற்றிவிடும். பிள்ளை பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்யக் கூடாது.