முத்திரை குத்த இடமில்லை

ஈஜா, உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் சலாம். உன் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

மொராக்கோ எல்லையைத் தாண்டிவிட்டேன், மொரித்தானியாவுக்குள் நுழைய முடியவில்லை. வாரா வாரம் போய்வந்ததில் பாஸ்போர்ட் நிரம்பிவிட்டது. அங்கிருந்த அதிகாரி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஒரு பக்கம்கூட காலியா இல்லையே. எங்க குத்துறது, உன் நெத்தியிலயா?"

"குத்துங்க ஐயா, அங்கதான் இடமிருக்கு" என்றேன். சிரித்தார், விடவில்லை.

முதலாளி வேறொரு டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "புது பாஸ்போர்ட்டுக்கு நான் பாக்குறேன். சரக்கோட திரும்பி வந்தா, சாவியக் குடுத்துட்டுப் போயிரச் சொல்லு."

அதனால் இரண்டு நாட்டுக்கும் நடுவே மணலில் லாரியோடு கிடக்கிறேன். செல்போனுக்குச் சிக்னல் இல்லை. பின்னால் தக்காளி பழுத்துக்கொண்டிருக்கிறது. தக்காளியும் உன் அண்ணன் மாதிரிதான், சும்மா உட்கார வைத்தால் முகம் சிவந்துவிடும். கோபித்துக்கொள்ளாதே, நல்ல மனுஷர்.

வெள்ளிக்கிழமை பையனுக்குச் சுன்னத். வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன், முடியாது. ஊரையே அழைத்தாயிற்று, தள்ளிவைக்க வேண்டாம். உன் அண்ணனே அவனை மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் கம்பளிச் சட்டையும் நீ சுட்ட ரொட்டியும் கொடுத்தனுப்பு. காய்ந்துபோனாலும் பரவாயில்லை.

கடிதம் கொண்டுவரும் பீஹி வண்டியைக் கிளப்பிவிட்டான். ஒன்றே ஒன்று. பையனின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, பிடித்திருப்பது வாப்பாதான் என்று சொல்லுங்கள். என் மடி அவனுக்கு அவ்வளவு பழக்கமில்லை, நம்பிவிடுவான்.

உன் மூலூத்