மிச்சமான ஒரு பால்ரஸ்

அண்ணே,

மைன்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன். ரிட்டயர் ஆகிவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதானே. முந்தாநாள் பரண்மேல் இருந்த டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தேன். பழைய ஸ்டியரிங் ஆயில் வாசனை குப்பென்று வந்தது. கூடவே ஒரு பால்ரஸ், சின்ன இரும்புக் குண்டு, உருண்டு வந்து என் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் வேனில் பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகியபோது, கடலூரில் கொடுத்துச் சரிபண்ணலாம் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். நான் விட்டேனா? "கடலூருக்கா! ஜெர்மனிக்காரன் மெஷினுக்கே நாடி பார்த்த கைண்ணே இது" என்றேன். மைன்ஸில் மண் வெட்டுகிற அந்த மெஷினைப் பத்தடி தள்ளி நின்று பார்த்ததோடு சரி. என் படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது. வாய் மட்டும் காலேஜைத் தாண்டிப் போயிற்று. நீங்கள் சிரித்தீர்கள். "பீலா வுடாத தம்பி, வேலையைப் பாரு."

எங்கள் வூட்டுப் பின்பக்கம் பலா மரத்தடியில் பழைய புடவையை விரித்து ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்துப் போட்டோம். ஆயிலை அடைக்கிற சீல் எல்லாம் புதுசு. உள்ளே திருகுத் தண்டைச் சுற்றி ஓடுகிற பால்ரஸ்களை கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தேன். அதில் ஒன்று குறைந்தாலும் ஸ்டியரிங் சிக்கிக்கொள்ளும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"எண்ணிக்கினியா?" என்று கேட்டீர்கள்.

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேண்ணே. எல்லாம் உள்ள போயிடுச்சு."

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஜெர்மனிக்காரன் கதை சொல்லிக்கொண்டே எண்ணியதில் கணக்கைப் பாதியிலேயே விட்டிருந்தேன்.

பாக்ஸை மாட்டி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினோம். நீங்கள் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினீர்கள். குவார்ட்டர்ஸ் பிளாக்கே கூடிக் கைதட்டியது என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேன். கைதட்டியது நாலு பேர். அவர்கள் போன பிறகு புடவையை உதறினேன். மடிப்பிலிருந்து ஒரு பால்ரஸ் விழுந்தது.

நீங்கள் வேனுக்குள் இருந்தீர்கள். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னொரு தரம் பிரிக்கலாம் அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வாய்க்கு!

அந்த வாரமே கம்மாபுரம் ரோட்டு வளைவில் வேன் கரும்புக் கொல்லைக்குள் இறங்கிவிட்டது. நல்ல வேளை, நீங்கள் தனியாகத்தான் போயிருந்தீர்கள். தோள்பட்டையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "கண்ணு அசந்துட்டேன்" என்றீர்கள். எல்லோரும் போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"ஸ்டியரிங் புடிச்சிக்கிச்சு தம்பி, திரும்பல. வெளிய சொல்லிக்காத. உன்னை நம்பி நாலு பேரு வண்டி குடுத்துக்கினு இருக்கான்."

அப்போதும் அந்தப் பால்ரஸ் என் டூல்ஸ் பெட்டியில்தான் இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

மைன்ஸில் முப்பது வருஷம் டம்பர் லாரி ஓட்டியவர் நீங்கள். நைட் ஷிஃப்டில் ஒருநாளும் கண் அசந்ததில்லை என்பது ஒன்றுதான் நீங்கள் வெளியே சொல்லிக்கொண்ட பெருமை. அதைத் தூக்கி எனக்காகக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் டீக்கடையில் உங்களுக்கு 'தூங்குமூஞ்சி டிரைவர்' என்று பேர். உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டுபோன அன்றைக்குக்கூட ஒருத்தன் அப்படிச் சொன்னான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணே.

நேற்று பால்ரஸை எடுத்துக்கொண்டு நேராக அந்த டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் வைத்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் ஆயுசிலேயே ஒரு கை மசாலா கூடச் சேர்க்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

கடைசிவரைக்கும் கேட்டார்கள். அப்புறம் கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, அவரு தூங்குனதுக்கும் நீங்கதான் காரணமா? உங்க பீலாவுல அதையுமா வுட்டு வைக்க மாட்டீங்க?"

இன்னொருத்தன் பால்ரஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இது சைக்கிள்ல கழண்டது மாமா" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

இனி அண்ணியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவங்களாவது நம்ப வேண்டும். அதுவரை பால்ரஸ் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மூட்டை கட்டக் குனிகிறபோதெல்லாம் கீழே விழப் பார்க்கிறது. கையால் பொத்திக்கொள்கிறேன்.