காலை பதினோரு மணிக் கூட்டம்

பிப்ரவரி 4

பதினெட்டுப் பேர். போன கூட்டத்துக்குப் பத்தொன்பது. வார்டு குழுக் கூட்டத்தில் முப்பது பேராவது உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. தொடர்ந்து மூன்று கூட்டம் இப்படிப் போனால் குழுவைக் கலைத்துவிட்டு, வார்டு நிதியை எங்கே செலவழிப்பது என்று நகராட்சி அலுவலகமே முடிவு செய்துகொள்ளுமாம். இன்று வந்த கடிதம் அதைத்தான் சொல்கிறது. இரண்டு போய்விட்டது. மார்ச் கூட்டம் கடைசி.

வந்த பதினெட்டில் அறுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. இருவர் தூங்கினார்கள். கவுன்சிலர் ஐந்து நிமிடம் தலைகாட்டினார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஓட்டுப் போடவே நேரமில்ல, கூட்டத்துக்கா வரப்போறாங்க? விடுங்க பெரியவரே." விடுவதில் அவருக்கென்ன நஷ்டம்? கேள்வி கேட்க ஆளில்லாத வார்டு. மே மாதம் நகராட்சித் தேர்தல் வேறு.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், நகராட்சிச் சட்டத்தை அகராதி வைத்துப் படித்து, பத்தொன்பது ஆண்டு செயலாளராக இந்தக் குழுவை நடத்தியிருக்கிறேன். என் கையில் இது சாகாது.

பிப்ரவரி 6

இளைஞர்களுக்கு ஓர் அழைப்பு எழுதினேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இது கூப்பிடுற மாதிரி இல்லைங்க, சம்மன் அனுப்புற மாதிரி இருக்கு" என்றாள். 'வரக் கடமைப்பட்டவர்கள்' என்ற வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.

பிப்ரவரி 9

ஞாயிறு. அறுபத்திரண்டு வீடு. மாடிப்படி ஏறி ஏறி முட்டி இரண்டும் விட்டுப்போயிற்று. பாதி வீட்டில் கதவைத் திறந்தவர்கள் பெற்றோர்கள்தான். பிள்ளை தூங்குகிறான், பெண் குளிக்கிறாள். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு என்ன தூக்கம்?

ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் இளைஞன் மட்டும் நின்று பேசினான். அழைப்பை வாங்கி, "தாத்தா, கையெழுத்துப் போட்டு வாங்கணுமா?" என்றான். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். போன நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டாயா என்று கேட்டேன். அன்றைக்கு நாற்பது பார்சல் இருந்ததாம்.

இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிப்ரவரி 12

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் எங்கள் அடுத்த தெருக்காரிதான். இருபத்தாறு வயது இருக்கும். அழைப்பு கிடைத்ததா என்றேன். கிடைத்தது, வரமுடியாது என்றாள். அதற்குமேல் நான் சும்மா வந்திருக்கலாம். உங்கள் தலைமுறைக்கு ஊர்மேல் அக்கறை இல்லை என்று சொல்லித் தொலைத்தேன்.

மாத்திரையை எண்ணிக்கொண்டே பதில் சொன்னாள், குரல் உயரவில்லை. "செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. அந்த நேரத்துல யாரு சும்மா இருப்பாங்கய்யா? நாங்க வரலைன்னு சொல்லாதீங்க. நாங்க வரக்கூடாதுன்னே யாரோ பார்த்து வெச்ச நேரம் அது."

பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13

முன்பு கூட்டம் சாயங்காலம்தான் நடந்தது. நன்றாக நினைவிருக்கிறது. மாற்றியது யார்? கவுன்சிலராகத்தான் இருக்கும். பழைய கூட்டக் குறிப்பேடுகளைத் தேடி, அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன்.

பிப்ரவரி 14

கிடைத்தது. பதினோரு ஆண்டு முந்தைய ஏடு. "கூட்ட நேரத்தைக் காலை பதினோரு மணிக்கு மாற்றத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் —"

நான்.

என் கையெழுத்து, என் மை, கீழே நான் போடும் அந்தக் கோடு. மறந்தே போனேனா? இல்லை, மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் சாயங்காலக் கூட்டத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வடிகால் பற்றி நான் பேசியபோது ஒரு சட்டப்பிரிவைத் தப்பாகச் சொன்னேன். ஒருத்தன் எழுந்து திருத்தினான். எல்லாரும் கை தட்டினாங்க. அவனுக்குத்தான் தட்டினாங்க, ஆனா எனக்கு அது கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த மாசமே நேரத்தை மாத்தினேன். காரணம்னு எழுதியிருக்கறதப் பாரு: "மூத்த உறுப்பினர்களின் வசதிக்காக." எந்த மூத்தவனும் கேக்கல. நான்தான் கேட்டேன்.

ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. அப்புறம் பதினோரு வருஷமா அவங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

பிப்ரவரி 15

யாரிடமும் சொல்லவில்லை. "ஏன் சாப்பாட்டுல கோலம் போடறீங்க?" என்றாள் மனைவி.

பிப்ரவரி 17

நேரத்தை மாற்றச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு, பத்து நாள் முன்னறிவிப்பு போதும். மார்ச் 2, ஞாயிறு மாலை ஐந்து. அறிவிப்பை நானே ஒட்டினேன். குழுவில் என் பழைய துணை, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், நடுத்தெருவில் பிடித்துக்கொண்டார். ஞாயிறு அவர் பேரப்பிள்ளைகள் வரும் நாளாம். இத்தனை வருஷம் கூடவே இருந்தவனை ஒரு வார்த்தை கேட்டாயா என்றார். கேட்கவில்லை. முன்பு மாற்றியபோதும் கேட்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

மருந்துக்கடைக்குப் போய் ஓர் அறிவிப்பைக் கொடுத்தேன். அவள் படித்தாள். மீதிச் சில்லறையை எடுத்து வைத்திருந்தாள்.

மார்ச் 2

நாற்பத்து மூன்று பேர். நாற்காலி போதவில்லை. குழு பிழைத்தது. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆரம்பித்த கையோடு மருந்துக்கடைப் பெண் எழுந்தாள். இத்தனை நாள் பதினோரு மணி வைத்தது யார், ஏன் என்று குறிப்பேட்டில் இருக்குமே, வாசியுங்கள் என்றாள். போஸ்ட்மாஸ்டரும் வந்திருந்தார்; பழைய கதை எதற்கும்மா என்று எனக்காகப் பேசினார். அவருக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

ஏட்டை நான் எடுத்து வந்திருக்கவில்லை. வேண்டுமென்றேதான். ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் வெச்சேன். காரணம்னு எழுதியிருக்கறது பொய். என்னைத் திருத்தின பசங்க வரக்கூடாதுன்னு வெச்சேன்."

யாரும் கை தட்டவில்லை. திட்டவும் இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை நான், அது எனக்கு வராது.

ஒவ்வொரு மார்ச் கூட்டத்திலும் செயலாளர் தேர்வு உண்டு. இதுவரை போட்டியே கிடையாது. இன்று பார்சல்காரன் பெயரை ஒருவர் சொன்னார். அவனுக்கு இருபத்தொன்பது ஓட்டு. எனக்குப் பதினான்கு.

வரும்வழியில் மனைவி என் பையை வாங்கிக்கொண்டாள். அது கனக்கவே இல்லை.

மார்ச் 3

ஏடுகளை ஒப்படைத்தேன். மொத்தம் இருபத்திரண்டு. எண்ணி வாங்கினான்.

மார்ச் 19

வெறும் கை. மனைவி வேலை ஏதாவது வாங்கித் தரவா என்கிறாள்.

ஏப்ரல் 8

காலையில் மருந்துக்கடைப் பெண் வந்தாள். நகராட்சித் தேர்தலில் கவுன்சிலரை எதிர்த்து நிற்கிறாளாம். மனுவுக்கு வார்டுக்காரர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஒன்பது கிடைத்திருந்தது.

உட்காரச் சொல்லவில்லை. வடிகாலுக்கு என்ன செய்வாய் என்றேன். "தெரியாதுய்யா. கேட்டுத்தான் செய்யணும்." யாரிடம் கேட்பாய்? "உங்ககிட்டயும்தான்." அந்த 'உம்' எனக்குப் பிடிக்கவில்லை. பேனாவை எடுத்தேன்.

கையெழுத்துப் போட்ட பிறகு மனுவைப் படித்தால் அவள் வீட்டு எண் ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் வேறு. இந்தத் தாள் தள்ளுபடியாகும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஒன்பது பேரையும் மறுபடி தேட வேண்டும்.

சாயங்காலம் புதுத் தாளோடு வந்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தேன். உட்கார் என்றேன். மறுபடி போட்டேன்.