கூனித் தூளும் முதல் வளையலும்

1931 ஜூன் 6, சனி

விடிந்ததிலிருந்து தூறல். கடையில் மானம் போயிற்று. புதுத் துணி மூட்டை பிரித்தோம், எல்லாம் கஞ்சி போட்ட வெள்ளை. பெரிய வீட்டுச் சிங்கள அம்மாள் ஒருவர், கூடவே மகள், கல்யாணத்துக்கு எடுக்க. விரித்துக் காட்டினேன். தும்மல். விரித்த துணியின் மேலேயே. அம்மாள் விரல் நுனியால் துணியை என் பக்கம் தள்ளினார்.

முதலாளி: "நீ இனிமே பழைய சரக்குப் பக்கம் நில்லு." பழைய சரக்கோடு இன்னொரு பழைய சரக்கு.

தாடி அரிப்பு வேறு. பார்வதிக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் சவரம் செய்யக் கூடாது, எங்கள் ஆட்கள் வழக்கம். மோவாய் முழுக்கத் தடிப்பு. இந்த முகத்தைப் பார்த்தால் பிறக்கிற பிள்ளை திரும்பிப் போய்விடும்.

சாயங்காலம் மாத்தளையிலிருந்து அக்கா வந்தாள். பார்வதியின் அம்மா இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விட்டார், ஆகவே பிரசவம்வரை அக்காதான் துணை. வந்ததுமே சொல்லிவைத்தேன். "அக்கா, அவளுக்கு இறால், கூனி இறால் எதுவும் ஆகாது. உடம்பு தடிச்சுப் போகும்."

"தேயிலைத் தோட்டத்துல வளந்த பொண்ணு. அவளுக்கு ஆகாததும் இருக்கா? புருஷன் தாங்குறான்னு தெரிஞ்சா எல்லாந்தான் ஆகாது."

பா. அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் 9, செவ்வாய்

மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடித் தேநீர்க் கடை. ஒரே பெஞ்சில் என்னோடு மூன்று தாடி. விசாரிக்கவே வேண்டாம், மூன்று வீட்டிலும் பிள்ளை வரப்போகிறது.

தபால் கந்தோரில் வேலை பார்க்கும் சுப்பையா: "எங்க வீட்ல அன்னாசிய கடிச்சா போதுங்க, உதடு வீங்கிரும்."

வண்டிக்கார முனியாண்டிக்கு அவனுக்கே கோளாறு. வைக்கோல் தூசி பட்டால் இளைப்பு. "மாட்டுக்கு நான் தீனி போடுறதில்லீங்க. மாடு என்னைய பாத்து பாவப்படுது."

நான்: கஞ்சித் துணி. என் வீட்டில்: கூனி. ஆக, தகப்பனோ தாயோ, ஆகாதது ஒன்று இல்லாத வீடே இல்லை போலிருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"ஆம்பளைங்க டீக்கடையில உக்காந்து இதையா பேசுறீங்க?"

பா. சிரித்தாள். அக்கா அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

செருப்பு வார் தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 11, வியாழன்

எழுத்து கோணல்.

காலையில் ரொட்டி, தேங்காய்ச் சம்பல். அக்கா அரைத்தது. பா. இரண்டு வாய் தின்றாள். கழுத்தைச் சொறிந்தாள். பிறகு உதடு, பிறகு கண். முகம் அவள் முகமாக இல்லை. மூச்சில் விசில் சத்தம். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? விசிறினேன். விசிறி தலைகீழாக இருந்தது.

பக்கத்து முஸ்லிம் வீட்டு ஸபியா ராத்தா (அக்காவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) சத்தம் கேட்டு வந்தார். "தம்பி, விசிறிக்கிட்டு நிக்காதீங்க. புள்ளைய நிமித்தி உக்கார வைங்க. நான் டொக்டர கூட்டிட்டு வாறன்." செருப்பில்லாமல் மழையில் ஓடினார். டாக்டர் வந்து ஊசி போட்டார். கொஞ்சங் கொஞ்சமாக மூச்சு சீரானது. வயிற்றில் காது வைத்துக் கேட்டார். பிள்ளை இருக்கிறது.

அவர் போனபிறகு அக்காவிடம் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"கூனிய வறுத்து, பொடிச்சு, துளி போட்டேன். தெரியாம தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குக் காட்டத்தான்டா. யாரு கண்டா இப்பிடி ஆகும்னு."

காட்டிவிட்டாள். நானும் காட்டுவேன்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். பா. கஞ்சி குடித்தாள். வீக்கம் வற்றிவிட்டது. அக்கா வீட்டில் எஜமானி மாதிரியே நடமாடுகிறாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

பழிவாங்கும் படலம். ஆற்றங்கரைக்குப் போனேன், பட்டாலே அரிக்கும் பூனைக்காஞ்சொறி தேடி. அக்கா தலையணைக்குள் ஒரு பிடி போட. சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் பிடித்துக் காயைப் பறித்தேன். வெயிலுக்கு வேர்த்தது. அதே லேஞ்சியால் முகத்தைத் துடைத்தேன்.

தாடிக்குள் நெருப்பு. சட்டையோடு மகாவலியில் இறங்கினேன். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

வீட்டில் அக்கா: "உனக்கு ஆகாதது என்னத்த தின்னே?"

ஜூன் 17, புதன்

வேறு வழி கிடைத்தது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முதல் வளையல் போடுவது புருஷனின் அக்கா உரிமை. அதற்கென்றே பச்சைப் பட்டு கொண்டுவந்திருக்கிறாள். நேற்றிலிருந்து அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள்.

பா.விடம் சொன்னேன். "உங்க அக்கா. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 19, வெள்ளி

வீடு நிறையப் பெண்கள். பா.வுக்குப் புகை ஆகாது, சாம்பிராணி வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பா. மனையில். அக்கா பச்சைப் பட்டில், கையில் வளையலோடு குனிந்தாள். நான் உள்ளே போனேன். ஆண்பிள்ளை நுழையும் இடமில்லை. தாடியும் தடிப்புமாக நுழைந்தேன். அக்கா கையிலிருந்து வளையலை எடுத்தேன். மூலையில் நின்ற ஸபியா ராத்தாவிடம் நீட்டினேன்.

"நீங்க போடுங்க."

"தம்பி, இது சரியில்ல. உங்கட ராத்தா நிக்கிறாங்க."

"அன்னைக்கு நீங்க ஓடலேன்னா இன்னைக்கு வளையல் போட கை இருந்திருக்காது."

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போட்டுவிட்டார். அக்கா கடைசியாகக்கூடப் போடவில்லை. அடுப்படிக்குப் போய், வளைகாப்புக் கலவைச் சோற்றை எல்லோருக்கும் பரிமாறினாள். ஒரு பருக்கை சிந்தவில்லை.

நான் மூன்று தரம் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஜூன் 20, சனி

மழை. அக்கா மூட்டை கட்டிவிட்டாள். பா. தடுக்கவில்லை, வாசல்வரை வந்தாள். அக்கா அவள் வயிற்றைத் தொடக் கை நீட்டி, இழுத்துக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நானே கொண்டுபோய் விட்டேன். பாலத்தருகே ஒரே குடையில் நின்றோம். மாத்தளை பஸ் தெரிந்ததும் கேட்டாள்.

"அத்தனை பேரு முன்னாடி என் கையில இருந்து பிடுங்கினியே. இப்ப ஆறிருச்சாடா?"

"பஸ் வந்துருச்சு அக்கா. பாத்து ஏறுங்க" என்றேன். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

சொல்லாதது: ஆறவில்லை.