முதல் வகைத் தெரு

பிப்ரவரி 11

காலையில் வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டும்போதுதான் கவனித்தேன். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வாசலில் மூன்று படி இருந்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். பதினேழு வருடத்தில் மூன்றும் காணாமல் போய்விட்டன. யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை, தெருதான் மேலே வந்துவிட்டது. இப்போது தெருவும் வாசலும் சமம். வெளியே பந்தை உருட்டிவிட்டால் நேரே அடுப்படிக்குப் போகும்.

தெருவை மேலே கொண்டுவந்த புண்ணியவான் யார்? பழைய தாரின் மேல் புதுத் தாரைக் கொட்டி, அதன் மேல் ரோலரை ஏற்றி நசுக்கியவன் யார்? ஐயாதான். இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

"ஊருக்கெல்லாம் ரோடு போடுற மனுஷன் சொந்த வீட்டைப் பள்ளத்துல உக்கார வச்சுட்டீங்க" என்றாள் மனைவி.

"பள்ளத்துலதான்டி பணம் வந்து நிக்கும்."

"தண்ணி மட்டுந்தான் நிக்குது."

அதுவும் உண்மைதான். பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓதம். தேமல் விழுந்த முதுகு மாதிரி இருக்கிறது. ஓதம் ஏற ஏற அவளுக்கு மூச்சிரைப்பும் ஏறுகிறது. மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். "அம்மா மூச்சை வச்சே மழை எப்போன்னு சொல்லிடலாம்" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள்.

பிப்ரவரி 26

இந்த வருடப் பட்டியலில் நம் தெருவும் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொன்னான். தம்பி வயசு, நல்ல பையன்தான்.

"நம்ம தெருவா? போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகலையேப்பா. ஒரு குழி கிடையாது."

"அதாண்ணே வசதி. குழி இருந்தா அடைக்கணும், நேரமாகும். மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலைன்னா பணம் திரும்பிப் போயிடும்."

"போனா போகட்டுமே. அதுக்கும் வீடு வாசல் இருக்கும்ல."

சிரித்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தானே போடுவீர்கள் என்று கேட்டேன். சட்டம் அப்படித்தான். எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு சுரண்டி எடுக்கவேண்டும், தெரு உயரக் கூடாது. "மிஷின் வருதுண்ணே, கவலைய விடுங்க" என்றான்.

மார்ச் 9

மிஷின் வந்தது. லாரியிலிருந்து இறக்கினார்கள். தெரு முனையில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நாலு போட்டோ எடுத்தார்கள். திரும்ப லாரியில் ஏற்றினார்கள். மொத்தம் அரை மணி நேரம்.

எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்று பார்த்தார். "என்னங்க, பொண்ணு பார்க்க வந்த மாதிரி வந்துட்டுப் போகுது?"

பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றேன்.

மார்ச் 12

இன்று நம் தெரு. என் வீட்டு வாசலை நானே ரோலரை ஓட்டிக் கடந்தேன், ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் மனைவி கதவில் சாய்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வேலை நேரத்தில் டிரைவரோடு பேசக்கூடாது என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

புதிதாக மூன்று அங்குலம். இனி வீட்டுக்குள் இறங்கித்தான் போகவேண்டும்.

வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் லாக் ஷீட் கட்டை நீட்டினான். அன்றன்றைக்கு வண்டி என்ன வேலையில் நின்றது என்று எழுதும் தாள். அடியில் என் கையெழுத்து இருந்தால்தான் படிக்காசு. மேல்பாதியைக் கட்டைவிரலால் மூடியிருந்தான். மூடியிருக்காவிட்டாலும் நான் படித்திருக்க மாட்டேன். மூன்று நாள் படிக்காசு கூடுதலாகவே வந்தது. ஏன் என்று கேட்கவில்லை. வருகிற லட்சுமியிடம் விலாசம் கேட்பானா ஒருவன்?

மார்ச் 31

அரசாங்கத்துக்குக் கணக்கு முடிந்தது, எனக்கு முதுகு.

ஜூன் 4

வீட்டு வரி நோட்டீஸ். மகள் நின்றுகொண்டே படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள். புதுச் சாலை போட்டதால் எங்கள் தெரு மூன்றாம் வகையிலிருந்து முதல் வகைக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே வரி 2,800 இல்லை, 7,350.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு ஏற எனக்கு மூன்று வருடம் பிடித்தது. இந்தத் தெரு ஒரே தாவலில் இரண்டு வகுப்பு ஏறிவிட்டது. யார் வீட்டுத் தெரு!

"அப்பா, நீங்க ரோடு போட்ட கூலியைத் திருப்பிக் கேக்கறாங்க" என்றாள் மகள்.

ஆகஸ்ட் 19

விடியற்காலையில் மழை. கட்டிலிலிருந்து காலை இறக்கினால் கணுக்கால் வரை தண்ணீர். தெருத் தண்ணீர் முழுவதும் நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிட்டது. என் செருப்பு ஒன்று மிதந்துகொண்டு வரவேற்றது. நானும் மகளும் வாளியால் இறைத்தோம், மதியம் வரை.

சமாளித்துவிடலாம் என்றேன். எதை வைத்துச் சொன்னேன்?

ஆகஸ்ட் 21

மனைவிக்கு நேற்று சாயங்காலம் மூச்சு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வருகிற குழாயை முகத்தில் மாட்டி வைத்தார்கள். உதடு நீலமாக இருந்தது. நான் ஏதோ வேடிக்கை பேசப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். சிரிக்க மூச்சு இல்லை அவளுக்கு.

டாக்டர் சொன்னது ஒரே வரி. "அந்த ஈரச் சுவருக்குள்ள திரும்பக் கூட்டிட்டுப் போகாதீங்க."

கொழுந்தியாள் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அந்த வீட்டில் ஆறு பேர், இவள் ஏழாவது.

ஆகஸ்ட் 27

வரி அலுவலகத்தில் ஒரு வயதான குமாஸ்தா வழி சொன்னார். தெரு உயர்ந்ததால்தான் வீடு பள்ளத்துக்குப் போனது என்று நிரூபித்துவிட்டால், தாரைச் சுரண்டி எடுத்துத் தெருவைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் பொறுப்பு. வடிகாலும் கட்டித் தரவேண்டும், வரியும் குறையும். மகள் மனு எழுதினாள். அழகான கையெழுத்து. அம்மாவைப் போல.

தெரு இறங்கினால் அவள் வீட்டுக்கு வருவாள். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

செப்டம்பர் 16

விசாரணைக்குப் போனோம். அலுவலக வாசலில் நல்ல டைல்ஸைப் பெயர்த்துவிட்டு அதே நிறத்தில் வேறு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார்கள். பலகை மேல் நடந்து உள்ளே போனோம்.

இன்ஜினியர் மரியாதையாகத்தான் பேசினார். கோப்பைப் புரட்டி ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

என்னுடையதுதான். வால் நீண்ட எலி மாதிரி இருக்கும், யாராலும் போட முடியாது.

"மேலே என்ன எழுதியிருக்கு, படிங்க."

படித்தேன். மார்ச் 9, 10, 11 — மூன்று நாள் பழைய தார் மூன்று அங்குலம் சுரண்டி எடுக்கப்பட்டது. ரோலர் உடனிருந்தது. மூன்று தாள், மூன்று எலி.

"சார், சுரண்டவே இல்ல. மிஷின் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிடுச்சு."

"அப்ப பொய்யா கையெழுத்துப் போட்டீங்களா?"

தாளைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினேன்.

"பாருங்க, ரோடு ஏறலைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்ப வீடுதான் இறங்கியிருக்கணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நல்ல வசனம்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "படிக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?"

"படிக்கிற பழக்கம் இருந்தா நான் ஏம்மா ரோலர் ஓட்டப்போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு மூச்சு நின்னிருந்தா அதுக்கும் ஒரு ஜோக் வச்சிருப்பீங்கல்ல?" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 17

வைத்திருக்கமாட்டேன். வைத்திருக்கமாட்டேனா?

செப்டம்பர் 22

சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தான். உள்ளே இறங்கும்போது நிலை தலையில் இடித்தது. அவன் போட்ட ரோடு, அவன் தலை — நியாயம்தான்.

"அண்ணே, காண்ட்ராக்ட் முதலாளி ரெண்டு லோடு மண்ணும் சிமெண்டும் இனாமா தர்றேன்னாரு. உள்ள கொட்டி தரைய உசத்திக்கங்க. மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க."

"தரையை உசத்தினா ஃபேன் கழுத்துக்கு வருமேப்பா."

"ஃபேனைக் கழட்டிடலாம்ணே." இடிபட்ட தலையைத் தேய்த்துக்கொண்டான். "கோபப்படாதீங்க. செய்யாத வேலைக்கு மூணு நாள் படிக்காசு வாங்கினது யாரு? விஷயம் வெளிய வந்தா முதல்ல உங்க கழுத்துதான். அப்புறம் என் கழுத்து. முதலாளிக்குக் கழுத்தே கிடையாது."

அவன் மிரட்டவில்லை. பயந்திருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செப்டம்பர் 23

மனைவியைப் பார்க்கப் போனேன். அவர்கள் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு மூலையில் பாய் போட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாக நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

"வேலை போனா எனக்கு மருந்து யாரு வாங்குவா?"

"மக மருந்துக்கடையிலதானே இருக்கா."

"அங்க என்ன இனாமாவா தர்றாங்க?"

கையிலிருந்த முருங்கைக்கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "மண்ணைக் கொட்டி எத்தனை தடவை உசத்துவீங்க? அவங்க மறுபடி போடுவாங்க. நடந்ததை எழுதிக் குடுத்துடுங்க. தப்பில்லாம எழுதுங்க, மககிட்ட காட்டிட்டுக் குடுங்க" என்றாள்.

அக்டோபர் 3

எழுதிக் கொடுத்துவிட்டேன். "கையெழுத்து உண்மை, வேலை பொய். மூன்று நாள் படிக்காசு வாங்கியதும் உண்மை." சூப்பர்வைசர் பெயரை எழுதாமல் விட்டேன். மகள் அதைக் கவனித்தாள். நானே மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். புது அனுபவம்.

அக்டோபர் 5

வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 14

உண்மையா என்று பார்க்க இன்று என் வாசல் முன்னால் சதுரமாக வெட்டினார்கள். ஒன்றே முக்கால் அடி ஆழம். இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். கறுப்பு, கொஞ்சம் சாம்பல், திரும்பக் கறுப்பு. எண்ணினார். ஏழு அடுக்கு. ஏழுக்கும் சுரண்டியதாகக் காகிதம் இருக்கிறது.

"எந்தெந்த வருஷம்னு தெரியுமா?" என்றார்.

குழிக்குள் இறங்கி விரல் வைத்துச் சொன்னேன். அடியில் இருப்பது குடிவந்த மறுவருடம். அதற்கு மேலே மகள் பள்ளியில் சேர்ந்த வருடம். இது என் அப்பா இறந்த வருடம், அழுதுகொண்டே ஓட்டினேன், அதனால்தான் இங்கே ஒரு பக்கம் தடிமன். இது மனைவிக்கு முதல் முதலாக மூச்சிரைத்த வருடம். அதற்கு மேலே மூன்று. ஒவ்வொன்றும் என் கை. ஒவ்வொன்றுக்கும் எலி.

மேலே பார்த்தேன். தெருக்காரர்கள் சுற்றி நின்றார்கள். எல்லோர் வீட்டிலும் தண்ணீர்தான். தையல்காரர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 2

தீர்ப்பு மாதிரி ஒரு கடிதம். தெரு உயர்ந்திருப்பது உண்மை. பொய்ப் பதிவு செய்த டிரைவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஒப்பந்ததாரர் எச்சரிக்கப்பட்டார். சுரண்டி எடுக்க நிதி இல்லை. விசாரணைக்காக வெட்டிய பள்ளத்தால் தெரு பழுதாகிவிட்டதால், தெரு முழுவதையும் புதிதாகப் போட நிதி ஒதுக்கப்பட்டுள்ளது.

மகளிடம் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். அதேதான் வந்தது.

வரி? சாலை இன்னும் புதியதாகப்போகிறதே. முதல் வகை.

ஜனவரி 20

எட்டாவது அடுக்கு போட்டுவிட்டார்கள். யாரோ புது டிரைவர். ஓரத்தை ஒழுங்காக நசுக்கவில்லை — எனக்கு எதற்கு?

வீட்டை வாங்க ஒரே ஒருவன் வந்தான். வாசலிலிருந்து குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "கிணறு எவ்வளவு சொல்றீங்க?" என்றான். என்னைவிட நன்றாகப் பேசினான்.

மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துவிட்டோம். மனைவி வந்துவிட்டாள். சுவர் காய்ந்திருக்கிறது. தூங்குகிறாள். நான் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கை உருளை தள்ளுகிறேன். பதவி இறக்கம்தான், ஆனால் டீசல் செலவு இல்லை.

மகள் பேசுகிறாள். நேற்று அவளாகவே எனக்கு முதுகுக்குத் தைலம் கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 27

கடைசி நாளுக்கு முந்தின நாள் வரி கட்டப் போனேன். ஏலத்துக்கு விட்டுவிடுவார்களே, என்ன இருந்தாலும் வீடு. ஒரு மாத உழைப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண், கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுல யாரு இருக்கீங்க?"

"யாரும் இல்லம்மா."

"வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"தவளைங்க இருக்கு. வாடகை தர்றதில்ல."

சிரித்துவிட்டாள். "அப்ப பூட்டின வீடு. யாரும் குடியில்லாத வீட்டுக்குப் பாதி வரிதான் சார். முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

3,675. ரசீது கொடுத்தாள்.

மாடியில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "குறைச்சாங்களா?"

"குறைச்சுட்டாங்க. சரிபாதி."

"பார்த்தீங்களா, எழுதிக் குடுத்ததுக்குப் பலன் இருக்கு" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

எனக்கு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. 'யாரும் குடியில்லாத வீடு' என்று போட்டிருந்த ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.