கடல்தரையில் ஒரு பாதி

அன்பு குறையாத சின்னண்ணைக்கு,

நீங்கள் எந்தக் கல்லில் எழுந்தருள்வது என்ற கேள்விக்கு, சீசா வட்டாரத்திலுள்ள உங்கள் வீட்டுச் சமையலறையில், நீண்ட ஆலோசனைக்குப் பின் தீர்வு காணப்பட்டது. மொண்டெல்லோக் கடற்கரையில் பொறுக்கிய கூழாங்கல்லைக் குடும்பம் ஒருமனதாக நிராகரித்தது. கலாப்ரியா மலையிலிருந்து நீங்கள் முதுகில் சுமந்து வந்த கரும்பச்சைக் கல் தேர்வாயிற்று.

நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, கல்லை வைத்து, உங்களை அதில் அழைத்து, சோறு படைத்து, பிறகு கடலில் போட வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை அண்ணிக்கு, உங்கள் மனைவிக்கே, சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம்.

அந்தக் கல்லைப் பற்றி நீங்கள் தொடங்கினால் எங்கள் சாப்பாடு ஆறிப்போகும். “இது பழைய கடலின்ரை அடியடா தம்பி. கண்டம் வந்து நெரிக்க, கடலடி உள்ளுக்கை போய்ச் செத்துது. சும்மா சாகேல்லை. மேலை கிடந்த பாறையை உருக்கி, வெடிக்க வைச்சு, வரிசையாத் தீவுகளைக் கக்கிப்போட்டுத்தான் செத்துது. ஸ்ட்ரொம்போலி எரிமலை இண்டைக்கும் அப்பிடித்தான் வெடிக்குது.” தப்பிய துண்டுகள் மட்டும் சுரண்டப்பட்டு மலையில் ஏறிக்கொள்ளும் என்பீர்கள்.

பூசை முடிந்ததும் பெரியண்ணை கல்லைத் தூக்கினார்.

“எங்கை கொண்டு போறியள் அத்தான்?” என்று கேட்டார் அண்ணி.

“கடலுக்கு. போடாட்டி அவன்ரை ஆத்மா இஞ்சையே நிக்கும்.”

“நிக்கட்டும். அவருக்கு வேறை எங்கை வேலை?”

பெரியண்ணை கதவை நோக்கி நடந்தார். அண்ணி அவருடைய மணிக்கட்டைக் கடித்தார். இழுபறியில் கண்ணாடி அலுமாரி சரிந்து நொறுங்கியது. ஐயர் மணியுடன் பால்கனியில் அடைக்கலம் புகுந்தார். கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாள் துடைப்பத்தால் தன் கூரையை இடித்தார். கல் தரையில் விழுந்ததும் அண்ணி உங்கள் பாறைச் சுத்தியலை எடுத்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். வெள்ளைக் கோடு ஓடிய இடத்தில் கல் பிளந்தது. தெறித்த சில்லு பெரியண்ணையின் நெற்றியைக் கிழித்தது. பிண்டத்தில் இரத்தம்.

“போறதை நீங்கள் கொண்டு போங்கோ,” என்றார் அண்ணி. “மிஞ்சினது எனக்கு.”

பெரியண்ணை நெற்றியில் துவாயைக் கட்டிக்கொண்டு, கால்சாக் கடற்கரையிலிருந்து ஒரு பாதியை எறிந்தார். மறுபாதி அண்ணியின் தலைமாட்டில் இருக்கிறது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள், அண்ணை? நான் யாரிடமும் கேட்கவில்லை. நெற்றியில் தையல் போட்டுக்கொள்கிற வயது எனக்குக் கடந்துவிட்டது.

வருட முடிவில் வரும் ஆட்டைத் திவசம் பெரியண்ணை வீட்டிலும் அண்ணி வீட்டிலுமாக இரண்டு வீடுகளில் நடக்கும். இரண்டு இடத்திலும் இருந்து சாப்பிடுவேன் என்று உறுதி சொல்கிறேன். ஐயர் ஒரு வீட்டுக்குத்தான் வருவாராம்.

உங்கள் கடைசித் தம்பி