ஜாதகம் பொருந்தவில்லை என்றேன்

ஜனவரி 20
பத்தாம் வகுப்புக்கு செல் பிரிதல் நடத்தினேன். வருடா வருடம் நடத்துகிற பாடம்தான். ஒரு செல் பிரிந்து நான்காகிறது என்று சொல்லும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மகன் உதயனுக்கு அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. விந்தணு ஆக வேண்டிய செல்கள் பிரியத் தொடங்குகின்றன. அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுகிற புரதம் உருவாவதில்லை, அதோடு சரி. திருச்சி டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"நீங்க சொந்தத்துலயா முடிச்சீங்க?" என்றும் கேட்டார். தாய்மாமனைக் கட்டியவள் நான். ஒரே கோளாறு இரண்டு பக்கமிருந்தும் வந்து அவனிடம் சேர்ந்திருக்கிறது. மருமகள் திலகாவைக் கோயில் கோயிலாக இழுத்தேனே, என்னை என்ன செய்தால் தகும்?

ஜனவரி 23
காய்ச்சல் என்று லீவு. காய்ச்சல் இல்லை.

ஜனவரி 26
மகள் இலக்கியாவை என் தம்பி மலையாண்டியின் மகனுக்கென்று பேசி வைத்திருக்கிறோம். அதே ரத்தம். நிறுத்தியே ஆக வேண்டும். காரணம் சொன்னால் உதயன் ஊர் வாயில் விழுவான். "யார்ட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறான். எந்தப் பிள்ளைக்கு நான் தாயாக இருப்பது?

பிப்ரவரி 2
குடுமியான்மலையில் தம்பி வீட்டுக்குப் போய், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். ஜாதகத்தைக் கேலி செய்கிற சயின்ஸ் டீச்சர்! "கட்டம் பாத்து ஒதுக்குற ஆளாக்கா நீ?" என்றான். இலக்கியா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 9
தங்கை சத்யா போன் செய்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. "ஒம் மகளுக்குச் சேராத ஜாதகம் எம் மகளுக்கு அமோகமாப் பொருந்துதுக்கா. அடுத்த ஞாயித்துக்கெழம மலையாண்டி அண்ணன் தட்டு மாத்த வருது."

ஐயோ — அவள் மகளும் அதே ரத்தம்தானே! என் பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் பெண்ணை மாட்டிவிட்டிருக்கிறேன். நல்லதுடி என்றுதான் என் வாயில் வந்தது.

மார்ச் 10
உதயனிடம் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து போனான். அவனிடம் ஏன் சொன்னேன்? என்ன எதிர்பார்த்தேன்? சீ.

மார்ச் 16
சத்யா வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. மலையாண்டி தட்டைக் கையில் எடுத்ததும் உதயன் எழுந்தான்.

"மாமா, கொஞ்சம் பொறுங்க. ஜாதகம்னு அம்மா சொன்னது பொய். எனக்குப் புள்ள பொறக்காது. கொறை எனக்குத்தான், திலகாவுக்கு ஒண்ணுமில்ல. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கட்டி வந்தது இது. இந்தப் புள்ளைக்கும் வேணாம்."

தம்பி தட்டைக் கீழே வைத்தான். ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம். திலகா மட்டும் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.